கேமரா வைத்தால் விபத்து குறையுமா?



போன ஞாயிற்றுக்கிழமை தாம்பரத்திலிருந்து மாமாவோட பைக்கில் வீட்டுக்கு வந்தேன். ஜி.எஸ்.டி. ரோட்டில் கம்பத்து மேல கேமராவைப் பார்த்ததும் மாமா ஸ்பீடைக் குறைச்சார். தாண்டினதும் பழையபடி முறுக்கினார். "ஏன் மாமா?" என்று கேட்டேன். "அது ஃபைன் வசூல் பண்ற கேமராடா. அதனால விபத்து குறையுமா என்ன?" என்றார். நான் பதில் தேடிப் படித்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

வேகத்தின் கணக்கு:
வேகம் 2 மடங்கானால் இயக்க ஆற்றல் 4 மடங்காகும். இது அறிவியல் பாடத்தில் நாம் படித்ததுதான். 40 கி.மீ. வேகத்தில் பிரேக் போட்டால் 10 மீட்டரில் நிற்கும் வண்டி, 80 கி.மீ. வேகத்தில் 40 மீட்டர் போய்த்தான் நிற்கும். 2022-இல் நம் நாட்டில் சாலை விபத்தில் 1,68,491 பேர் இறந்தார்கள். அதில் 100-க்கு 71 பேர் அதிவேகத்தால் இறந்தவர்கள் என்கிறது மத்திய அரசின் அறிக்கை.

கேமரா என்ன செய்கிறது?
பல நாடுகளில் நடந்த 35 ஆய்வுகளை 2010-இல் சேர்த்துப் பார்த்தார்கள். கேமராவுக்குப் பக்கத்தில் உயிர்ச்சேதம், படுகாயம் உண்டாக்கும் விபத்துகள் 11 முதல் 44 சதவீதம் வரை குறைந்திருந்தன. இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். விபத்து அதிகமான இடம் பார்த்துத்தான் கேமரா வைக்கிறார்கள். அங்கே அடுத்த வருஷம் தானாகவே கொஞ்சம் குறையலாம். அதனால் முழுப் பெருமையும் கேமராவுக்கு இல்லை. ஆனாலும் பலன் உண்டு.

மாமா மாதிரி ஆட்களுக்கு?
இரண்டு கேமரா வைத்து சராசரி வேகம் பார்க்கும் முறை இங்கிலாந்தில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் 5 கி.மீ. தூரம், வேக வரம்பு 60 என்று வைத்துக்கொள்வோம். கடக்க 5 நிமிஷம் ஆகணும். 4 நிமிஷத்தில் வந்தால் வேகம் 75! கேமரா முன்னாடி மட்டும் குறைச்சு ஏமாற்ற முடியாது.

இந்தக் கணக்கை மாமாவிடம் போட்டுக் காட்டினேன். "சரிடா வாத்தியாரே, இனிமே மெதுவாவே போறேன்" என்று சிரித்தார்.

நண்பர்களே, நம்மில் பலர் தினமும் ஜி.எஸ்.டி. ரோட்டைக் கடந்துதான் பள்ளிக்கு வருகிறோம். நாம் கடக்கிற இடத்தில் எல்லாம் கேமரா இருக்காது. அதனால் வீட்டில் வண்டி ஓட்டும் அப்பா, அண்ணன், மாமா எல்லாரிடமும் இன்றைக்கே சொல்லுங்கள்:

"கேமராவைத் தாண்டின பிறகும் மெதுவாப் போங்க. அங்கேயும் பிள்ளைங்க ரோட்டைக் கடக்கிறாங்க!"

- 10-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்