இல்லத்தில் ஓர் இசைக்கூடம்

இனிமையாகப் பாடும் பிள்ளைகள் பலர் நம் இல்லங்களில் உள்ளனர். அவர்தம் குரலைப் பதிவு செய்யப் பெரும்பொருள் வேண்டுமென அஞ்சற்க. விரலுக்கேற்ற வீக்கமே போதும்.

கணினி, ஒலியலையை வினாடிக்கு 44,100 முறை அளந்து எண்களாகச் சேமிக்கிறது. குறுந்தட்டின் தரமும் இதுவே. இவ்வாறு இரு தடங்களில் பதியும் ஒரு நிமிட இசைக்கு ஏறத்தாழ 10 மெகாபைட் இடமே தேவை. 8 கிகாபைட் நினைவகமுடைய பழைய கணினியே தொடக்கத்திற்குப் போதுமானது. பல கருவிகளின் ஒலியை ஒருங்கிணைக்க விரும்புவோர்க்கு 16 கிகாபைட் நலம். வாங்குமுன் அதன் விசிறியின் இரைச்சலைக் கேட்டறிக. அதுவும் பாட்டோடு பதிவாகிவிடும்!

மென்பொருளைக் களவாகப் பெற வேண்டா. 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஆடாசிட்டி' இலவசமானது; குரலைப் பதியவும் திருத்தவும் உதவும். மெட்டமைக்க 'எல்.எம்.எம்.எஸ்.' உண்டு, அதுவும் இலவசமே.

மிஞ்சும் பணத்தில் நல்ல ஒலிவாங்கி வாங்குக. ஒலிவாங்கி தவறவிட்ட இனிமையை எக்கணினியும் பின்னர் மீட்டுத் தராது.

பெற்றோர்களே! கணினியின் விலைக்கு அஞ்சிக் குழந்தையின் குரலை அடக்கிவிடாதீர். உள்ளதைக் கொண்டு இன்றே தொடங்குவீர்!