டயாலிசிஸில் பிரஷர் ஏன் திடீரென இறங்குகிறது?

கோவை அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும், டயாலிசிஸ் படுக்கைக்குப் போகுமுன் எடை பார்ப்பார்கள். போன முறைக்கும் இந்த முறைக்கும் கூடியிருக்கும் எடை பெரும்பாலும் உடம்பில் தேங்கிய நீர்தான். 60 கிலோ ஆளுக்கு 3 கிலோ கூடியிருந்தால், 4 மணி நேரத்தில் 3 லிட்டரை எடுக்க வேண்டும். மணிக்கு 750 மி.லி.

இயந்திரம் நீரை இழுப்பது ரத்தத்திலிருந்து மட்டும். ரத்தத்தின் நீர்ப்பகுதியே சுமார் 3 லிட்டர்தான்! மிச்ச நீர் திசுக்களிலிருந்து மெல்லக் கசிந்து ரத்தத்துக்கு வந்துசேர வேண்டும். பல்லடம் பக்கத்துக் கிணற்றுக்காரருக்கு விளக்கவே வேண்டாம்: ஊற்று ஊறுவதைவிட மோட்டார் வேகமாக இறைத்தால் கிணறு வற்றும். இங்கே இறங்குவது பிரஷர்.

அதனால்தான் அரை மணிக்கொரு முறை, ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்தும் ரத்தக்குழாய் இணைப்பு) இல்லாத கையில், பிரஷர் பார்க்கிறார்கள். இறங்கினால் நீர் இழுப்பதை நிறுத்தி, தலையைத் தாழ்த்தி, தேவையென்றால் சலைன் ஏற்றுவார்கள். நடுவில் வயிறு நிறையச் சாப்பிட்டாலும் ரத்தம் குடலுக்குத் திரும்பி பிரஷர் இறங்கலாம்.

நிறையத் தண்ணீர் குடித்து எடை கூடினால் சிறுவாணித் தண்ணீரின் ருசியைக் குறை சொல்லிப் பயனில்லை; தாகத்தைக் கிளப்புவது உப்பு நிறைந்த ஊறுகாயும் கருவாடும்தான். டயாலிசிஸ் நடக்கும்போது கொட்டாவி, வியர்வை, கெண்டைக்கால் இழுப்பு வந்தால் “சரியாயிரும்” என்று பல்லைக் கடிக்காமல் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.