நெல்வேரின் புரதக் காவலும் வேர்முடிச்சு வட்டப்புழுவும்

நெற்பயிர் திட்டுத்திட்டாக மஞ்சளித்து வளர்ச்சி குன்றுமாயின், கமக்காரர் பலரும் முதலில் யூரியாவையே நாடுவர். குறை வேரிலிருப்பின் அச்செலவு வீணாகும். அத்தகைய பயிரொன்றை மண்ணுடன் கிண்டியெடுத்து, நீரில் மெதுவாகக் கழுவிப் பார்த்தல் வேண்டும். வேர்நுனிகள் தடித்துக் கொளுக்கிபோல் வளைந்திருப்பின், அது வேர்முடிச்சு வட்டப்புழுவின் வேலையாகும்.

மெலோயிடோகைனே கிராமினிக்கோலா எனப்படும் இப்புழு, அமெரிக்காவின் லூசியானாவிற் கண்டெடுக்கப்பட்டு 1965ஆம் ஆண்டிற் பெயரிடப்பட்டது. இலங்கையில் 2000/2001 பெரும்போகத்தின்போது குருநாகல் மாவட்டத்து நிக்கவரட்டியவில் நெல்லைத் தாக்கிற்று.

கண்ணுக்குப் புலனாகாத இளம்புழு வேர்நுனிக்கு அண்மையில் உட்புகுந்து, ஊசி போன்ற வாயுறுப்பாற் கலங்களைத் துளைத்துத் தன் சுரப்பைச் செலுத்தும். அக்கலங்கள் இராட்சதக் கலங்களாகப் பருத்து, பயிருக்குரிய உணவைப் புழுவுக்கு ஊட்டும். வெப்பமான காலத்தில் மூன்று அல்லது நான்கு வாரங்களில் ஒரு தலைமுறை நிறைவுறும்.

வேர் வாளாவிருப்பதில்லை. பகை நுழைந்ததை உணர்ந்த கலங்கள் காவற் புரதங்களை ஆக்குகின்றன. பெரொட்சிடேசு என்னும் நொதியம், இலிக்னின் என்னும் மரப்பொருள் கலச்சுவரிற் படிய உதவிச் சுவரை வலுப்படுத்தும். கைற்றினேசு என்னும் நொதியம் கைற்றினைச் சிதைக்கவல்லது. புழுவின் முட்டையோட்டில் கைற்றின் உண்டு. ஆயின் புழுவின் சுரப்பிலும் புரதங்கள் உள. அவை வேரின் காவலை அடக்குவன. எளிதிற் பீடிக்கப்படும் நெல்லினங்களிற் புழுவே வெல்கின்றது. ஆபிரிக்க நெல்லாகிய ஒரைசா கிளபேரிமாவின் சில வகைகளிலோ, வேரினுட் புகும் புழுக்களுள் மிகச் சிலவே முதிர்ச்சியடைகின்றன. எனவே எதிர்ப்பினங்களை உருவாக்க முயலும் ஆராய்ச்சியாளர் அவற்றை நாடுகின்றனர்.

வேரின் காவல் தோற்குமிடத்துக் கமக்காரரின் காவல் தொடங்கவேண்டும். நீர் தேங்கிய மண்ணிற் புழு புதிதாக வேரினுட் புகுதல் அரிது. ஆயின் முன்னரே புகுந்த புழு வேரினுள்ளேயே முட்டையிட்டுப் பெருகும். ஆகையால்:

1. நீர் வசதியுள்ளவிடத்து நாற்றுமேடையைக் காயவிடாது, இளம்பருவந்தொட்டே நீர் நிறுத்துக.

2. நடுமுன் நாற்றின் வேரைச் சோதித்து, முடிச்சுள்ள நாற்றுக்களை விலக்குக.

3. புற்களைகளை அகற்றுக, அவற்றிலும் புழு வாழும்.

4. பீடிக்கப்பட்ட வயலில் அடுத்த போகம் வெங்காயம் நடுதல் நன்றன்று. வெங்காயத்தையும் இப்புழு தாக்கவல்லது. எள் போன்ற பயிரை மாற்றிச் செய்க.

இலையைப் பார்த்துப் பசளையிடுமுன் வேரைப் பார்ப்பதே சிக்கனமான செய்கையாகும்.