வடதுருவத்து ஆமை

உயிர்ச்சுவடு என்பது மாண்டுபோன ஓர் உயிரின் எச்சம் மாத்திரமன்று. அவ்வுயிர் வாழ்ந்த காலத்து நிலத்துக்கும் நீருக்கும் வெப்பநிலைக்கும் அது சான்றாகும். கனடாவின் வடகோடியிலே அகப்பட்ட ஓர் ஆமை இவ்வுண்மையை நன்கு விளக்குகின்றது.

ஆட்டிக் சமுத்திரத்திலுள்ள அக்செல் ஐபேக் தீவு இன்று ஆமை எதுவும் வாழவியலாத கடுங்குளிர் நிலம். 2006 ஆம் ஆண்டில் றொச்செஸ்ரர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் தாடுனோ என்னும் அறிஞரும் அவர்தங் குழுவினரும், ஏறக்குறைய 9 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த நன்னீராமை ஒன்றின் உயிர்ச்சுவட்டை அங்குக் கண்டெடுத்தனர். 2009 இல் அதற்கு 'அரோராகெலிஸ்', அஃதாவது துருவவொளி ஆமை, எனப் பெயரிட்டனர்.

இவ்வாமை மொங்கோலியாவிற் கிடைத்த ஆமைகளைப் பெரிதும் ஒத்திருந்தமையே வியப்புக்குரியது. ஆசியாவுக்குரிய இனம் அமெரிக்கக் கண்டத்தை எவ்வாறு அடைந்தது? அலாஸ்கா வழியாகச் சுற்றி வந்திருத்தல் கூடும். ஆயின், துருவக் கடலை நேரே கடந்தே வந்திருக்கலாம் என்பது இவ்வாய்வாளரின் கருத்து.

இக்கருத்துக்குத் தடைகள் இரண்டு: ஒன்று குளிர், மற்றையது உவர்நீர். குளிர்க்குருதி விலங்காகிய ஆமை உறைபனியில் உலவாது. ஆயின், முதலையை ஒத்த சாம்சோசோர் என்னும் ஊர்வனவின் எலும்புகள் அதே தீவில் 1996 இல் கிடைத்துள்ளன. அவற்றைக்கொண்டு, அக்காலத்து ஆண்டுச் சராசரி வெப்பநிலை அங்கு 14 பாகை செல்சியசுக்கும் மேற்பட்டிருந்தது எனக் கணித்தனர். பேரெரிமலைகள் உமிழ்ந்த காபனீரொட்சைட்டு வாயு வளிமண்டலத்திற் செறிந்து புவியை வெப்பமாக்கியிருத்தல் வேண்டும் என்பர்.

இனி, உவர்நீரைக் கருதுவோம். அந்நாளில் துருவக் கடல் பெரும்பாலும் நிலத்தாற் சூழப்பட்டிருந்தது. சுற்றியிருந்த கண்டங்களின் ஆறுகள் அதனுட் பாய்ந்தன. நன்னீர் உவர்நீரினும் அடர்த்தி குறைந்தது. ஆதலின் அது மேலே படலமாக மிதந்திருக்கலாம். இடையிடையே எரிமலைத் தீவுகளும் தோன்றியிருப்பின், நன்னீராமைகள் அவற்றிலே தங்கித் தங்கிக் கடலைக் கடந்திருத்தல் இயலாததன்று.

வழி இதுவே எனத் துணிதற்கு இடைப்பட்ட இடங்களிலும் சுவடுகள் கிடைத்தல் வேண்டும். எனினும், பனி சூழ்ந்த அத்தீவிலே ஒரு காலத்தில் ஆமைகள் வாழ்ந்தன என்பது ஐயமற்றது. வளிமண்டலத்தில் ஒரு வாயு மிகுதலால் துருவமுந் தன் இயல்பு மாறக்கூடும் என்பதை, அவ்வாயுவை நாள்தோறும் பெருக்கிவரும் இக்கால மனிதன் இவ்வாமையிடமிருந்து அறிந்துகொள்ளுதல் நன்று.