நாலு புள்ளி உயிரோடு ஒரு மந்திரவாதி

வளர்த்தவரைப் பறிகொடுத்த இளைஞன் ஒருவன், அவர் சொல்லிவைத்தபடி ஃபிரெண்ட்லி ஆர்ம் என்ற விடுதியைத் தேடி வந்து சேர்கிறான். வாசற்படியில் நிற்கும் ஓர் ஆள் மரியாதையாகப் பேச்சுக் கொடுத்து, நீ யார் என்று விசாரிக்கிறான். அடுத்த நொடியே மந்திரம் ஓதத் தொடங்குகிறான். அவனைப்போலவே நாலைந்து நிழலுருவங்கள் எழுகின்றன. பிறகு பீதியூட்டும் மந்திரம். கூட வந்தவர்கள் மூலைக்கு ஒருவராகத் தெறித்து ஓடுகிறார்கள். இளைஞன் படியிலேயே செத்து விழுகிறான். கதை இன்னும் தொடங்கவே இல்லை.

கனடாவின் பயோவேர் நிறுவனம் உருவாக்கிய, 1998இல் வெளிவந்த 'பால்டர்ஸ் கேட்' என்ற கணினி விளையாட்டில் அந்தப் படியில் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. கொன்றவன் பெயர் தார்னெஷ். அதில் மந்திரவாதியாக ஆடத் துணிந்தவரின் நிலை இன்னும் பரிதாபம்: முதல் நிலையில் அவருக்கு உயிர்ப்புள்ளி 4. உடல்வாகு நன்றாக இருந்தால் 6. ஓநாய் இரண்டு கடி கடித்தால் முடிந்தது. கையிலிருப்பதோ ஒரேயொரு மந்திரம். அதை ஓதிவிட்டால் படுத்துத் தூங்கி எழுந்தால்தான் மறுபடி ஓதலாம். தூங்கும்போதும் யாராவது வந்து அடிப்பார்கள்.

ஹட்டனிலோ நுவரெலியாவிலோ பஸ் வரும்வரை போனில் பப்ஜி ஆடும் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். பப்ஜி மொபைலில் புதியவருக்கு முதல் ஆட்டங்களில் எதிரே வருபவர்களில் பலர் மனிதர்களே அல்லர். சரியாகச் சுடத் தெரியாத கணினிப் பொம்மைகள். வந்தவர் ஜெயித்து, ருசி கண்டு, தங்கிவிட வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. பால்டர்ஸ் கேட் போன்ற பழைய மாயக்கதை விளையாட்டுகளுக்கு அந்த உபசாரம் தெரியாது.

காரணம், அவற்றின் பூர்வீகம் கணினி அல்ல, மேசை. அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974இல் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்', காகிதமும் பகடையும் வைத்து நண்பர்கள் கூடி ஆடுவது. பொம்மைப் படைகளை நகர்த்தும் போர் விளையாட்டிலிருந்து பிறந்தது. அங்கே ஒரு வீரன் செத்தால் இன்னொரு தாளை எடுத்துப் புதியவனை எழுதிக்கொள்வார்கள். அதோடு, ஆட்டத்தை நடத்த ஒருவர் எப்போதும் இருப்பார். மேசையில் முகங்கள் வாடினால் அவர் ஒரு பூதத்தைக் குறைப்பார், விழுந்த பகடையைக் கண்டும் காணாமல் விடுவார். லயத்து இஸ்தோப்பில் கட்டம் கீறித் தாயம் ஆடியவர்களுக்கு இது புரியும்: தாயம் விழாமல் காய் இறக்க முடியாத சின்னப் பிள்ளைக்கு, பாட்டி இன்னொரு தடவை போடு என்பார். கணினி பகடையையும் விதியையும் எடுத்துக்கொண்டது. பாட்டியை விட்டுவிட்டது.

அதன் விளைவை 1981இல் வந்த 'விசார்ட்ரி'யில் பார்க்கலாம். கார்னெல் பல்கலைக்கழக மாணவர்களாயிருந்த ஆண்ட்ரூ கிரீன்பெர்க், ராபர்ட் வுட்ஹெட் இருவரும் ஆப்பிள் 2 கணினிக்காக எழுதியது. ஆறு பேர் கொண்ட குழு பாதாளத்தில் மாண்டால், அந்தச் சாவு உடனே பிளாப்பி வட்டில் பதிந்துவிடும். உடல்களை மீட்டுவர இன்னொரு குழுவைத் தயார்செய்து அனுப்ப வேண்டும். கோயிலில் காசு கட்டி உயிர்ப்பிக்கலாம். சடங்கு பிசகினால் உடல் சாம்பலாகும். சாம்பலுக்குச் செய்யும் சடங்கும் பிசகினால் ஆளே இல்லை. அதனால்தான் அடி விழுந்ததும் வட்டைச் சட்டென்று வெளியே இழுத்துவிடும் தந்திரம் ஆடுபவர்களிடையே பரவியது. திருட்டுத்தனம்தான். ஆனால் பல மணிநேர உழைப்பை ஒரு பகடை பறிக்கும்போது நியாயம் பேச யாருக்கு மனம் வரும்?

1985இன் 'பார்ட்ஸ் டேல்' இன்னும் ஒரு படி மேலே போனது. அங்கே பாதாளம்வரை போகவே வேண்டாம், ஊர்த் தெருவே கொல்லும்.

இதில் வேடிக்கை, கஷ்டமெல்லாம் தொடக்கத்தில்தான். அந்த நாலு புள்ளி மந்திரவாதி சில நிலைகள் தாண்டிவிட்டால் ஒரே தீக்கோளத்தில் ஒரு கூட்டத்தையே பொசுக்குவார். பள்ளிக்கூடத்தில் சாதாரணதரப் பரீட்சையை முதலாம் வகுப்பில் வைத்த மாதிரி, பிந்திய பாதி எளிது, முந்திய பாதி கடினம். ஆடுபவரைச் சோதிக்கத் திட்டமிட்டுச் செய்தது என்று ரசிகர்கள் சிலர் பெருமை பேசுவதுண்டு. பெரும்பாலும் அது மேசையிலிருந்து அப்படியே பெயர்த்தெடுத்த கணக்கு, அவ்வளவுதான்.

பாட்டியின் வேலையை விதிக்குள்ளேயே எழுதிவைத்தவர் ஜப்பானின் யூஜி ஹோரி. விசார்ட்ரியின் ரசிகரான அவர் 1986இல் 'டிராகன் குவெஸ்ட்'டை உருவாக்கினார். முதல் எதிரி ஸ்லைம் என்ற நீலநிறக் கொழகொழப்புப் பிராணி. வீரன் செத்தால் அரசன் முன் எழுவான். பையில் பாதிப் பணம் போயிருக்கும், பெற்ற அனுபவம் அப்படியே இருக்கும். ஆபத்து எங்கே கூடுகிறது என்பதற்குப் பாலங்கள் அடையாளம்: தாண்டினால் வலுத்த எதிரிகள். எச்சரிக்கையும் உண்டு, தண்டனையும் உண்டு, ஆனால் உழைப்பு வீண்போகாது.

பால்டர்ஸ் கேட் 2014 முதல் ஆண்ட்ராய்ட் போனிலும் கிடைக்கிறது. புதுப்பித்த அந்தப் பதிப்பில், வீரன் சாகவே சாகாத 'கதை முறை' ஒன்றைப் பிறகு சேர்த்தார்கள். தமிழ் கிடையாது, ஆங்கிலம் வாசிக்க வேண்டும். முதல் தடவை ஆடுபவர் தயங்காமல் அந்த முறையையே தேர்ந்தெடுக்கலாம்; தார்னெஷ் கோபித்துக்கொள்ளமாட்டான்.