வீட்டுக்கு வந்த முதல் கார்

புதிய கார் வாங்குவதென்பது நம் நாட்டில் ஒரு காலத்தில் பணம் இருந்தால் மட்டும் நடக்கிற காரியமன்று. உத்தரபாராவில் செய்யப்பட்ட அம்பாசிடர், பம்பாயின் பிரிமியர் பத்மினி, நம் சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு என விரல்விட்டு எண்ணத்தக்க வண்டிகளே இருந்தன. முன்பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பெயர் பதிந்தபோது பள்ளியில் படித்த பிள்ளை, வண்டி வீடு வந்து சேரும்போது கல்லூரியில் இருப்பான்.

அந்நிலை 1983ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் நாள் மாறத் தொடங்கியது. அன்று முதல் மாருதி 800 காரின் சாவியைப் பிரதமர் இந்திரா காந்தி, ஹர்பால் சிங் என்னும் தில்லிவாசியிடம் வழங்கினார். அவர் இந்தியன் ஏர்லைன்ஸ் நிறுவன ஊழியர். வண்டியின் விலை ஏறத்தாழ 47,500 ரூபாய்; 796 சி.சி. கொண்ட சிறிய இயந்திரம். செல்வருக்கே உரியதென்றிருந்த காரைச் சம்பளக்காரரின் வாசலுக்குக் கொண்டுவந்தது அவ்வண்டியே. ஹர்பால் சிங் 2010இல் மறையும்வரை அதே காரை வைத்திருந்தார். மூன்றாண்டுக்கு ஒருமுறை வண்டியை மாற்றத் துடிக்கும் நமக்கு இது வியப்பாகவே தோன்றும்.

இன்று கிருஷ்ணன்கோவிலிலோ, திருவில்லிபுத்தூரிலோ, இராசபாளையத்திலோ கார் வாங்க எண்ணும் குடும்பத்தார் அவ்வாறு காத்துக் கிடக்க வேண்டியதில்லை. கடன் கொடுப்போர் தாமாகவே தேடி வருகின்றனர். இடர் தொடங்குவதும் அங்கேதான். ஆறு லட்சம் ரூபாயை 9 விழுக்காடு வட்டிக்கு ஏழாண்டுத் தவணையில் வாங்கினால் மாதம் சுமார் 9,650 ரூபாய் கட்டவேண்டும். சுமை குறைவெனத் தோன்றும். ஆனால் வட்டியாக மட்டும் இரண்டு லட்சத்துக்கு மேல் போய்விடும். அதையே நான்காண்டில் அடைத்தால் மாதம் சுமார் 14,930 ரூபாய். வட்டியோ ஒன்றேகால் லட்சத்துக்கும் குறைவு. அந்தப் பெரிய தவணையைத் தாங்க இயலாத குடும்பம் சிறிய வண்டியைப் பார்ப்பதே நலம் என்பது நம் கருத்து. மகளின் கல்லூரிக் கட்டணமும் பெட்ரோலும் ஒரே சம்பளத்திலிருந்துதானே வரவேண்டும்?

காப்பீட்டிலும் கவனம் தேவை. 2018 செப்டம்பர் முதல் புதிய கார்களுக்கு மூன்றாம் நபர் காப்பீட்டை மூன்றாண்டுக்குச் சேர்த்தே எடுக்கவேண்டும். நம் வண்டிக்கு நேரும் சேதத்துக்கான காப்பீடு வேறு. அதை ஓராண்டுக்கு மட்டும் எடுத்துவிட்டு, மூன்றாண்டுக்கும் கவலையில்லை என்று இருந்துவிடுவோர் உண்டு.

வண்டி வந்ததும் முதற்பயணம் கோவிலுக்கே. பங்குத்தந்தை மந்திரித்துத் தீர்த்தம் தெளிக்கிறார். பயணிகளின் பாதுகாவலரான புனித கிறிஸ்தோபரின் சுரூபம் கண்ணாடிக்கு அருகில் இடம் பெறுகிறது. (சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தவர் யாரென்று நாம் கேட்கப்போவதில்லை.) பிறகு அம்மா கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன்னிருக்கையில் அமர்கிறார். இதைக் காணும்போதுதான் நமக்கு நெஞ்சு பதறுகிறது. மோதலின்போது காற்றுப்பை கண் இமைப்பதற்குள் பேரழுத்தத்துடன் விரிகிறது. பெரியவரைக் காக்கவென்று செய்யப்பட்ட அது, மடியிலிருக்கும் மழலையின் உயிரையே பறித்துவிடக்கூடும். பிள்ளையின் இடம் பின்னால், அதற்கென உள்ள சிறு இருக்கையில். பின்னால் அமரும் பாட்டிக்கும் சீட் பெல்ட் உண்டு. சட்டமும் அதையே சொல்கிறது.

பழகுவதற்குச் சில வாரங்கள் பிடிக்கும். இன்றைய கார்களில் ஏ.பி.எஸ். என்னும் அமைப்பு இருக்கிறது. திடீரென அழுத்தினால் பிரேக் மிதி காலடியில் படபடவென்று அதிரும். வண்டி பழுதோ என்றஞ்சிப் புதியவர் காலை எடுத்துவிடுகிறார். எடுக்கலாகாது. சக்கரம் இறுகிச் சறுக்காதிருக்க அமைப்பு தன் வேலையைச் செய்கிறது என்பதே அதன் பொருள். அழுத்தியபடியே வண்டியைத் திருப்பவும் முடியும்.

நம் ஊர் வழியே செல்வது திருமங்கலம் – கொல்லம் நெடுஞ்சாலை. கேரளத்துக்குப் போகும் கனரக லாரிகள், பின்விளக்கில்லாத டிராக்டர், மேய்ச்சலிலிருந்து திரும்பும் ஆடுகள் என எல்லாவற்றுக்கும் அது ஒரே சாலை. பயிற்சிக்கு வத்திராயிருப்புச் சாலையின் விடியற்காலை ஏற்றது. இரவுப் பயணம் பிறகு ஆகட்டும். வீட்டில் ஒருவர் மட்டும் கற்றால் போதாது. கணவருக்கு நள்ளிரவில் நெஞ்சுவலி வந்தால் மருத்துவமனைக்கு ஓட்டிச் செல்ல வேண்டியவர் மனைவியே. முதல் மாதத்திலேயே அவர் கையிலும் சாவியைக் கொடுத்துவிடுங்கள். ஓட்டுநர் உரிமத்துக்கும் சேர்த்தே விண்ணப்பியுங்கள்.