பழைய பிலிம் சுருள்களைக் காப்பது எவ்வாறு?

அந்தமான் தீவுகளில் இரு பருவமழைகளும் பெய்வதால், காற்றில் ஈரம் ஆண்டு முழுவதும் மிகுந்தே இருக்கிறது. நம் வீடுகளில் எஞ்சியுள்ள கேமரா பிலிம் சுருள்களுக்கு இதுவே பகை. பிலிமின் மேற்பூச்சு ஜெலட்டினும் வெள்ளி உப்பும் கலந்தது. வெப்பம் அதன் ஒளியுணர்வைக் குறைக்கும். ஈரம் பூஞ்சையை வளர்க்கும். ‘இந்து’ பிலிமைத் தயாரித்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலையும் குளிர்ந்த உதகமண்டலத்தில்தான் இயங்கியது.

நகை, பத்திரங்களுடன் பிலிமையும் வங்கிப் பெட்டகத்தில் வைக்கலாமே என நாம் எண்ணக்கூடும். பெட்டகம் திருட்டிலிருந்து காக்கும், ஈரத்திலிருந்து காக்காது. பயன்படுத்தாத சுருளைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் இட்டு, குளிர்பதனப் பெட்டியில் வைப்பதே நன்று. வெளியே எடுத்தபின் சில மணி நேரம் டப்பாவைத் திறவாதிருக்க வேண்டும். இல்லையேல் பிலிமில் நீர் படியும்.

காலாவதித் தேதி கடந்த சுருள் முற்றிலும் வீணன்று. நெகட்டிவ் பிலிமானால், கடந்த ஒவ்வொரு 10 ஆண்டுக்கும் ஒளியை இருமடங்காக்குவது வழக்கம். காலாவதியாகி 20 ஆண்டுகளான 400 ஐ.எஸ்.ஓ. பிலிமுக்குக் கேமராவில் 100 என அமைக்கலாம். எனினும் நிறம் மாறக்கூடும். திருமணம் போன்ற நிகழ்ச்சிகளுக்கு அதனை நம்பலாகாது.

படம் எடுத்தும் கழுவாத சுருள் இருப்பின், உடனே கழுவக் கொடுத்தல் வேண்டும். பதிந்த உருவம் நாள்தோறும் மங்குகிறது. மறைந்த உறவினரின் முகம் அதில் இருக்கக்கூடும்; அவ்விழப்புக்கு எந்தக் காப்பீடும் ஈடாகாது. கழுவிய நெகட்டிவை ஸ்கேன் செய்து, பிரதிகளை இரண்டு இடங்களில் வைத்துக்கொள்வோம்.